முக்கால்வாசி முடிந்த மோட்டார் சைக்கிள்

எடுத்த வேலையை முடிப்பவர்கள் உண்டு. எடுக்கவே எடுக்காதவர்களும் உண்டு. இந்த இரண்டு சாராராலும் வீட்டாருக்குப் பெரிய தொல்லை இல்லை. இவர்களுக்கு நடுவே மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. அதன் பெயர் முக்கால்வாசிக்காரர்.

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார், தேடிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிழிந்த பனியனும், கறுத்த நகமும், பூஜையில் உட்கார்ந்தவரைப் போன்ற முகமுமாக, வாசல் பக்கத்து அறையில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, எதிரே நிற்கும் ஒரு கிழட்டு மோட்டார் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருப்பார். வேலை செய்யவில்லையா என்று கேட்டுவிடாதீர்கள். பார்ப்பதுதான் வேலை. பக்கத்தில் ஆறிப்போன டீ இருக்கும். அதில் ஒரு வாஷர் விழுந்து கிடக்கும்.

"எதுவரைக்கும் வந்திருக்கு சார்?" என்று கேளுங்கள்.

"முக்கால்வாசி முடிஞ்சிடுச்சு."

போன வருடமும் இதையேதான் சொன்னார். அதற்கு முந்தின வருடமும் இதையேதான் சொன்னார். பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள், பாவம், அவர் பொய்யே சொல்லத் தெரியாதவர். முக்கால்வாசி உண்மையிலேயே முடிந்துதான் இருக்கிறது. மீதிக் கால்வாசிக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்பார். அந்த ஒரு ஞாயிறு மட்டும் எந்தக் காலண்டரிலும் அச்சாகி வருவதில்லை.

இந்த இனத்துக்கு இன்னோர் அடையாளமும் உண்டு. அதன் கூவல். "பக்கத்துத் தெரு ஒர்க்‌ஷாப்ல இதே மாதிரி வண்டியை ஒரு மாசத்துல ஓட வெச்சுட்டாங்களாமே?" என்று நீங்கள் கேட்டால், "அது வேற" என்று கூவும். "உங்க மச்சான் அதுக்குள்ள ரெண்டு மாடி வீடே கட்டிட்டாரே?" "அது வேற." இந்தக் கூவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

நாம் பார்க்கப்போகிறவர் தொழிலால் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நடுவழியில் நின்றாலும் இவருக்குத்தான் போன். பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார், அரை மணியில் ஓடவைத்துவிட்டு வருவார். "கை வெச்சா போதும், உயிர் வந்துடும்" என்று ஊரே அவரைக் கொண்டாடும். அப்படிப்பட்ட கை, சொந்த வீட்டு வாசலறையில் ஒன்பது வருடமாக ஒரு சிலிண்டருக்கு உயிர் கொடுக்க முடியாமல் தவிக்கிறது. ஏன் என்று கேட்டால், அவர் சொல்வதைத்தான் நானும் சொல்ல வேண்டும். அது வேற.

அவர் மனைவி தையற்காரி. ஊரில் பாதிப் பேரின் தோள் அளவு அவளுக்கு மனப்பாடம். ஆனால் தையல் இயந்திரத்துக்கு அந்த வீட்டில் இடம், சாப்பாட்டு மேசையின் ஒரு மூலை. சாம்பார் ஒரு பக்கம், சாட்டின் துணி மறு பக்கம். யார் வீட்டுச் சட்டையிலும் மஞ்சள் கறை படாமல் அவள் இத்தனை காலம் தொழில் நடத்தியதற்கே ஒரு பதக்கம் கொடுக்கலாம். வாசலறையோ வண்டிக்கு. அங்கே காற்று உண்டு, வெளிச்சம் உண்டு, தெருவைப் பார்த்த ஜன்னல் உண்டு. வண்டி ஜன்னல் வழியாக எதைப் பார்க்கப்போகிறது?

அவள் தையல் எண்ணெய் வாங்கினால் பாதி வண்டிச் செயினுக்குப் போகும். வீட்டில் புதுப் பல்துலக்கி வந்தால் அடுத்த ஞாயிறே அது எஞ்சினின் இடுக்குகளைத் தேய்த்துக்கொண்டிருக்கும். பத்தாவது படிக்கும் மகள் தன் துலக்கியைப் பள்ளிப் பையில் ஒளித்துவைத்துப் பழகிவிட்டாள். உறவினர் யாராவது, "பொண்ணு எப்படி வளர்ந்திருக்கா, போட்டோ காட்டுங்க" என்றால் அவர் போனை எடுப்பார். முதலில் பிஸ்டன் வரும். பிறகு பாலிஷ் போட்ட பிஸ்டன் வரும். மகள் வருவதற்குள் உறவினர் கிளம்பிவிடுவார்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். இரவும் பகலும் அழைப்புக்கு ஓடும் மனிதர், ஞாயிற்றுக்கிழமை ஒரு முக்காலியில் நிம்மதியாக உட்கார்ந்துவிட்டுப் போகட்டுமே என்று விட்டுவிட்டாள். ஆனால் பொறுமைக்கும் ஒரு நாள் தையல் விடுமல்லவா?

ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டிருந்தார்கள். பிள்ளைகளின் சீருடை முழுவதையும் அவளே தைத்துத் தர முடியுமா? இரண்டு இயந்திரம் போட இடம் வேண்டும், திங்கட்கிழமை வந்து பார்ப்போம், இடம் இருந்தால் வேலை உங்களுக்கு. அவள் வாழ்க்கையில் இப்படி ஒரு கதவு முதல்முறையாகத் திறந்தது. அந்தக் கதவுக்கு நேர் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது.

சனிக்கிழமை சாப்பிடும்போது அவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"என்னங்க, நாளைக்கு ஒருத்தர் வர்றார். வண்டியை வாங்கிக்கிறாராம்."

கையிலிருந்த கவளம் தட்டில் விழுந்தது. உலகம் ஒரு கணம் சுற்றுவதை நிறுத்தியது. குழாயில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர்கூட நின்றதாகத் தோன்றியது.

"எந்த வண்டியை?" என்றார் உலர்ந்த குரலில்.

"நம்ம வீட்ல எத்தனை வண்டி இருக்கு?"

"அது என் நெஞ்சும்மா. நெஞ்சைப் போய் விக்கச் சொல்றியே!"

"நெஞ்சு முழுசா இருந்தா நான் ஏன் விக்கச் சொல்றேன்? இது முக்கால் நெஞ்சு."

"கார்புரேட்டர் ஒண்ணுதானே பாக்கி! அந்த மாடலுக்கு அது எங்கயுமே கிடைக்கலைன்னு உனக்குத் தெரியாதா? அது மட்டும் கிடைச்சா, ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை..."

"போதும்!" என்று அம்மாவும் மகளும் ஒரே குரலில் முடித்து வைத்தார்கள்.

"அப்பா, எனக்குக் கல்யாணமாகிப் பேரன் பொறந்து, அவன் பல்துலக்கியும் உங்களுக்குத்தான் போகப்போகுது" என்றாள் மகள்.

மறுநாள் காலையில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் ஒரு பல் டாக்டர். பின்னாலேயே, நீண்ட காலமாக எதையோ சகித்துக்கொண்டிருக்கும் முகத்தோடு அவர் மனைவி. தையற்காரிக்கு அந்த முகத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. சற்று யோசித்தபோதுதான் புரிந்தது, தினமும் கண்ணாடியில் பார்க்கும் முகம்.

டாக்டர் வண்டியைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் போனார். குனிந்தார். எஞ்சினுக்குள் டார்ச் அடித்தார். வாயைத் திறக்கச் சொல்லாதது ஒன்றுதான் குறை.

"ஒரிஜினல் பெயின்டா?" என்றார் தழுதழுத்து.

"கை வைக்கலை டாக்டர். அழுக்கைக்கூடப் பாதிதான் எடுத்திருக்கேன்."

"எடுத்துடாதீங்க!"

அவ்வளவுதான். பிறந்தபோதே பிரிந்த இரட்டையர்கள் சந்தித்துக்கொண்டார்கள். இன்னொரு முக்காலி வந்தது. இருவரும் வண்டியைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

பெண்கள் இருவரும் சாப்பாட்டு மேசையில் துணிகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார்கள்.

"எப்போ எடுத்துட்டுப் போவீங்க?" என்றாள் தையற்காரி ஆசையோடு.

"எடுத்துட்டுப் போறதா? எங்க வீட்ல ஏற்கெனவே இதே வண்டி ஒண்ணு படுத்திருக்கும்மா. டேங்க் என் கட்டிலுக்கடியில. ரெண்டு சக்கரமும் விருந்தாளி ரூம்ல. அதனால விருந்தாளியே வர்றதில்லை. பின்சக்கரத்துக்குப் பல்சக்கரம் ஒண்ணு கிடைக்கலையாம். ஊர் பல்லையெல்லாம் கட்டுறாரு, தன் வண்டிக்கு ஒரு பல்சக்கரத்துக்கு வழியில்லை. அது ஒண்ணுக்காக இந்த வண்டியை முழுசா வாங்க வந்திருக்காரு."

தையற்காரி கையிலிருந்த கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள்.

"பல்சக்கரமா? எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணு கூடுதலா இருக்கே! சமையல் அலமாரியில, அரிசி டப்பாவுக்குப் பின்னால. எங்களுக்குக் கார்புரேட்டர்தான் இல்லை."

"கார்புரேட்டரா?" டாக்டரின் மனைவி எழுந்தே விட்டாள். "இவர்கிட்ட ரெண்டு இருக்கு! ஒண்ணு எப்பவும் கார் டிக்கியில. பச்சைத் துணியில சுத்தி, பச்சைக் குழந்தை மாதிரி வெச்சிருக்காரு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, வருஷக்கணக்கான பெருமூச்சுகளை ஒன்றாகத் திரட்டிக்கொண்டு, வாசலறைக்கு நடந்தார்கள். ஒருத்தி கையில் பல்சக்கரம். இன்னொருத்தி கையில் பச்சைத் துணி மூட்டை.

வாசகர்களே, அந்த ஆண்கள் துள்ளிக் குதித்திருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? இத்தனை காலம் தேடிய பொருள் கண்ணெதிரே வந்து நிற்கிறது, கட்டித் தழுவிக் கண்ணீர் விட்டிருப்பார்கள் என்றுதானே? அதுதான் இல்லை. லிஃப்ட்காரர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் லிஃப்ட்காரரைப் பார்த்தார். தப்பிக்க இருந்த ஒரே ஜன்னலை யாரோ அடைத்துவிட்டதைப் போல இரண்டு முகங்களும் வெளிறின.

லிஃப்ட்காரர்தான் முதலில் கூவினார்.

"அது வேற."

"ஆமா, வேற," டாக்டர் பாய்ந்து பிடித்துக்கொண்டார். "இது அடுத்த வருஷத்து மாடல். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். உட்காராது."

"உட்காரவே உட்காராது."

தையற்காரி மூட்டையைக் கையில் வாங்கினாள். பச்சைத் துணியைப் பிரித்தாள். கார்புரேட்டரை எடுத்தாள். எஞ்சினின் பக்கவாட்டில் ஒன்பது வருடமாக வெறுமனே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு போல்ட்டுகளில் அதன் இரண்டு துளைகளையும் காட்டி அழுத்தினாள். காஜா துளையில் பட்டன் போவது போல, வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

"உட்காந்துடுச்சு" என்றாள்.

லிஃப்ட்காரர் தன் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். அவள் கண் கலங்கியிருந்தது. கோபத்தில் அல்ல.

"இத்தனை வருஷமா ஒரு வார்த்தை கேட்டேனா? நாளைக்கு அந்தப் பள்ளிக்கூடத்துக்காரங்க வர்றாங்க. நான் எங்கே நின்னு அவங்ககிட்ட பேசுவேன்? இந்த டேங்க் மேலயா?"

"இல்லம்மா..." அவர் குரல் உடைந்தது. "இது முடிஞ்சுட்டா... அப்புறம் ஞாயித்துக்கிழமை நான் என்ன பண்றது?"

ஒன்பது வருடத்தில் அவர் சொன்ன முதல் உண்மையான காரணம் அதுதான். அவளுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. ஊரில் நின்றதையெல்லாம் ஓடவைக்கும் மனிதருக்கு, நின்றுகொண்டே இருக்கும் ஒன்று வேண்டியிருந்திருக்கிறது.

"என்னை உட்கார வெச்சு ஓட்டுங்க" என்றாள். "அதுகூடத் தெரியாதா?"

அதற்குப் பிறகு அவர் கை எப்படி ஓடியது என்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நடுவில் போன் அடித்தது. மகள் எடுத்துப் பேசிவிட்டு, "ஏதோ ஆபீஸ் லிஃப்ட்ல விளக்கு எரியலையாம்பா" என்றாள். "ஞாயித்துக்கிழமை ஆபீஸ்ல யாரு ஏறப்போறாங்க? நாளைக்கு வர்றேன்னு சொல்லு" என்றார். அவர் ஓர் அழைப்புக்கு அப்படிப் பதில் சொன்னது அதுவே முதல்முறை. டாக்டர் எடுபிடியாக நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். அவர் வண்டியையும் முடிக்க அடுத்த ஞாயிறு எல்லோரும் அவர் வீட்டுக்குப் போவதாகப் பெண்கள் முடிவுசெய்துவிட்டதால் அவர் முகம் மட்டும் சற்று வாடியிருந்தது.

சாயங்காலம் வண்டியை வாசலுக்கு உருட்டினார்கள். அவர் கிக்கரை மிதித்தார். இருமியது. மீண்டும் மிதித்தார். தும்மியது. தெருவே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. கண்ணை மூடி, பல்லைக் கடித்து, இன்னொரு மிதி. தடதடவென்று ஜன்னல்கள் அதிர, புகையைக் கக்கிக்கொண்டு, அந்தக் கிழம் எழுந்தது. தெரு கைதட்டியது. டாக்டர் தேம்பினார்.

தையற்காரி பின்னால் ஏறி, அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். தெருமுனை திரும்பும்போது அவர் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார்.

"ஏம்மா, டிக் டிக்னு ஒரு சத்தம் வருதே, கேக்குதா? வீட்டுக்குப் போனதும் பிரிச்சுப் பார்த்துடலாமா?"

"அது என் நெஞ்சுங்க" என்றாள் அவள். "பிரிச்சுடாதீங்க."

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். ஆனால் திங்கட்கிழமைக்குள் அறையைத் தயார் செய்ய வேண்டுமே! இயந்திரத்தை இடம் மாற்றினார்கள். பரணிலிருந்த துணி மூட்டைகளை மகள் ஒவ்வொன்றாக இறக்கினாள். ஒரு பழைய பையை உதறியபோது ரோஜா நிறத்தில் ஏதோ விழுந்தது. குட்டி கவுன். அழகான கழுத்து, பலூன் கை, இடுப்பில் சுருக்கம். விளிம்பு மட்டும் மடிக்காமல், குண்டூசிகளோடு அப்படியே இருந்தது.

மகள் அதை எடுத்துத் தன்மேல் வைத்துப் பார்த்தாள். இடுப்பைக்கூடத் தாண்டவில்லை.

"அம்மா, இது யாருக்கு?"

தையற்காரி முகம் சிவந்தது. "உனக்குத்தான். ஆறாவது பிறந்தநாளுக்கு."

"அப்ப போட்டதா ஞாபகமே இல்லையே?"

"முக்கால்வாசி முடிச்சிட்டேன். விளிம்புக்கு அதே நிறத்துல லேஸ் வேணும். எங்க தேடியும் கிடைக்கலை. கிடைச்சிருந்தா..."

அறை வாசலில் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு நின்றவர் அவ்வளவு அன்பாக அதற்குமுன் மனைவியை ஒருநாளும் பார்த்ததில்லை.

"ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை போதும், இல்லம்மா?" என்றார்.

அவள் வெடுக்கென்று கவுனைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அது வேற!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் வீட்டுப் பரணை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். கட்டிலுக்கடியில் குனிந்து பாருங்கள். பாதி பின்னிய ஸ்வெட்டர், நாலு பாடத்தோடு நின்ற கிட்டார், ஒரு பக்கம் மட்டும் வர்ணம் அடித்த நாற்காலி, இப்படி எதுவுமே இல்லையா? இருக்கிறது. எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். இப்போது உங்கள் நாக்கு நுனியில் இரண்டு சொற்கள் வந்து நிற்கின்றன பாருங்கள், அவற்றை மட்டும் வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள். பக்கத்து அறையில் உங்கள் வீட்டார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.