முப்பத்தேழு குதிரையும் ஒரு நவநீதனும்

இந்த வருடம் உமர் ஃபாரூக்கை ஜெயிக்காமல் பிரியாணியைத் தொடுவதில்லை என்று நவநீதன் சபதம் எடுத்தான். எடுத்தபோது கையில் பிரியாணிப் பொட்டலம் இருந்தது. அதை முடித்து, இலையை மடித்துப் போட்டு, கை கழுவிய பிறகுதான் சபதம் அமலுக்கு வந்தது.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் தோல் கொள்முதல் பார்க்கிறவன் நவநீதன். மண்டியிலிருந்து லாரியில் வந்து இறங்கும் தோல், தராசில் ஏறுவதற்கு முன் அவன் கைக்கு வரவேண்டும். தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டுத்தான் அனுப்புவார்கள். சிலர் அதற்கு மேலும் ஒரு பிடி போடுவார்கள். உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தராசில் தோல் கனக்கும். இந்த வித்தையெல்லாம் நவநீதனிடம் பலிக்காது. கட்டைவிரலால் ஒரே அழுத்து. குழி விழுந்து அப்படியே நின்றால் உள்ளே தண்ணீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம். "உப்ப ஒதறிட்டு வா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்வான். மண்டிக்காரர்கள் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அதை இங்கே எழுத முடியாது.

ஞாயிற்றுக்கிழமையானால் அவன் வேறு ஆள். பந்தய வீரன். வாலாஜாபேட்டையைத் தாண்டி, பிளாட் போட்டு விலை போகாமல் கிடக்கும் பொட்டலில் அவ்வப்போது கார்ப் போட்டி நடக்கும். உடனே பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ரப்பர் கூம்புகளை வரிசையாக நட்டு வைத்திருப்பார்கள். ஒவ்வொரு வண்டியாகப் புழுதியில் விடுவார்கள். கூம்புகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து சீக்கிரம் வந்து சேருகிறவனுக்கு ஒரு கோப்பை. கூம்பை இடித்தால் நேரத்தைக் கூட்டிவிடுவார்கள். வாத்தியார், பல் டாக்டர், ஷூ கம்பெனி மேனேஜர் என்று வீட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு வருகிற கூட்டம்தான். நவநீதன் ஒரு பழைய மாருதி எண்ணூறோடு போவான். அவன் தோஸ்த் உமர் ஃபாரூக்கும் ஒரு பழைய மாருதி எண்ணூறோடு வருவான். கோப்பை மட்டும் ஒவ்வொரு தடவையும் உமரோடு போய்விடும்.

"ரெண்டும் ஒரே வண்டி. அப்பறம் எப்படி அவரே ஜெயிக்கிறாரு?" என்று கேட்டாள் மேகலா.

மேகலா அவன் மனைவி. ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிறவள். ஒரு ஜோடியில் ஒரு தையல் கோணினாலும் கண்ணில் பட்டுவிடும். கார் லைசென்ஸ் எடுத்து மூன்று வருடமாகிறது. லைசென்ஸ் பீரோவில் இருந்தது. கார்ச் சாவி நவநீதன் பாக்கெட்டில் இருந்தது. அவள் தினமும் கம்பெனி பஸ்ஸில் போனாள்.

"உனக்குப் புரியாது. இது எடைக் கணக்கு" என்றான்.

"சொல்லுங்க, புரியுதா பாக்கறேன்."

"இஞ்சின்ல கை வெக்கக் கூடாது. அது ரூல். கம்பெனிக்காரன் குடுத்த முப்பத்தேழு குதிரைசக்திதான் எல்லாருக்கும். அப்ப இன்னா பண்ணணும்?"

"இன்னா பண்ணணும்?"

"குதிரைய ஏத்த முடியலன்னா சுமைய எறக்கணும். மொத்த எடைய முப்பத்தேழால வகு. ஒரு குதிரை எத்தினி கிலோ இழுக்குதுன்னு தெரியும். அது எவ்ளோ கம்மியோ வண்டி அவ்ளோ சீறும்."

"ஓஹோ" என்றாள் மேகலா. அந்த ஓஹோவை நவநீதன் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

அன்று மாலையே சுமை இறங்க ஆரம்பித்தது. ஸ்டெப்னி இறங்கியது. ஜாக்கி இறங்கியது. பாட்டுப் பெட்டி, மிதியடி, டிக்கியில் யாரோ மறந்துவிட்டுப் போன குடை எல்லாம் இறங்கின. பின் சீட்டைக் கழற்றிக் கூடத்தில் போட்டான். அதில் உட்கார்ந்துதான் டி.வி. பார்க்கவேண்டியிருந்தது. கடைசியாக ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த பித்தளை முருகரையும் தூக்கிக்கொண்டு வந்தான்.

"சாமியக் கூடவா?"

"பித்தளை கனம். அவரு வூட்ல இருந்தே காப்பாத்துவாரு."

அந்த நேரம் பார்த்து உமர் ஃபாரூக் டீ குடிக்க வந்தான். கூடத்தில் கிடந்த கார் சீட்டில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் பார்த்தான். "வாஹ், தோஸ்த்! எல்லாத்தயும் எறக்கிட்ட போல" என்றான்.

"எல்லாம் எறக்கல பாய்" என்றாள் மேகலா, டம்ளரை நீட்டிக்கொண்டே. "பெரிய சாமான் ஒண்ணு பாக்கி இருக்குது. எண்பத்தெட்டுக் கிலோ. அது ஸ்டியரிங்குக்குப் பின்னால ஒக்காருது."

உமருக்குப் புரையேறியது. நவநீதன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"என் எடை அம்பத்திரெண்டு" என்று மேகலா தொடர்ந்தாள். "உங்க கணக்குப்படி பாத்தா, நான் ஓட்டினா குதிரைங்களுக்கெல்லாம் கொண்டாட்டம்."

"கார் ஓட்றதுன்னா ஷூ புரட்டிப் பாக்கறதுன்னு நெனச்சியா? நான் எண்பதுக்கு வர்றேன் பாரு."

"வரலன்னா?"

இங்கேதான் நவநீதன் வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் தோஸ்த் எதிரே உட்கார்ந்திருக்கிறான். ரோஷம் வந்துவிட்டது.

"போட்டிக்கு மொத நாளு எங்க டேனரித் தராசுல ஏறுறேன். எண்பதுக்கு ஒரு கிராம் மேல இருந்தா சாவி உன் கையில. வண்டிய நீயே ஓட்டு. உமர், நீ சாட்சி."

"நான் சாட்சி" என்றான் உமர். ரொம்ப சந்தோஷமாகச் சொன்னான்.

மறுநாளிலிருந்து நவநீதன் பாலாற்றங்கரையில் நடக்க ஆரம்பித்தான். விடிவதற்கு முன் கிளம்பினால் வெயில் ஏறித்தான் திரும்புவான். இதில் ஒரு வைராக்கியம் இருந்தது; அதை மறுக்க முடியாது. மணலில் நடந்தால் இன்னும் இளைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மணலில் நடந்தான். பேன்ட் பாக்கெட்டில் சாவிக்கொத்து இடித்துக்கொண்டே இருந்தது. "நடக்கப் போறவங்களுக்கு அது எதுக்கு? வூட்டுல வெச்சிட்டுப் போங்க" என்றாள் மேகலா. வைத்துவிட்டுப் போனான்.

சாப்பாட்டு விஷயத்தில் மேகலா காட்டிய அக்கறை அவனை நெகிழ வைத்தது. சோறு அரைவயிறு. கொள்ளு ரசம். கருவாடு.

"கருவாட்டுல கொழுப்பே இல்ல, எத்தினி வேணா சாப்டுங்க. வெயில்ல நடக்கறீங்க, இந்த மோரக் குடிங்க."

"உப்புத் தூக்கலா இருக்குதே."

"வேர்வைல உப்பெல்லாம் போயிடுதுல்ல? போடலன்னா மயக்கம் வந்துடும். எலுமிச்ச ஊறுகாய் வெக்கட்டா?"

"வெய்யி" என்றான். அரைவயிற்றுச் சோற்றுக்கு ஊறுகாய்தான் ஒரே ஆறுதலாக இருந்தது. தாகம் மட்டும் அடங்கவில்லை. பானைத் தண்ணீரைச் சொம்பு சொம்பாகக் குடித்தான். முதல் இரண்டு வாரம் மளமளவென்று இளைத்தான். பேன்ட் தொளதொளத்தது. அப்புறம் எடை ஒரே இடத்தில் குந்திக்கொண்டது. நடையைக் கூட்டினான். வேர்த்தது, தாகம் எடுத்தது, மேகலா மோர் கொண்டுவந்தாள்.

டேனரியில் அவன் எதிரில் யாரும் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டான். ஆம்பூரில் இப்படி ஒரு உத்தரவு போட எவ்வளவு துணிச்சல் வேண்டும்! யாரும் மதிக்கவில்லை. வாசனை வரும்போதெல்லாம் அவன் எழுந்து தோல் கிடங்குக்குள் போய் நின்றான். அந்த நாற்றத்தில் பசி தன்னால் அடங்கிவிடும்.

போட்டிக்கு முந்தின நாள், சனிக்கிழமை வந்தது. வேலை முடிகிற நேரத்தில் மேகலாவும் உமரும் டேனரிக்கு வந்தார்கள். தோல் இறக்க வந்திருந்த மண்டிக்காரர் பெருமாளும் அங்கே நின்றுகொண்டிருந்தார். அன்று காலையில்தான் அவருடைய அரை லாரித் தோலை நவநீதன் திருப்பி அனுப்பியிருந்தான். வேடிக்கை பார்க்க அவருக்கு நேரமும் மனமும் இருந்தன.

நவநீதன் செருப்பைக் கழற்றினான். பெல்ட்டைக் கழற்றினான். கைக்கடிகாரத்தைக் கழற்றி உமரிடம் கொடுத்தான். மூச்சை வெளியே விட்டுவிட்டுத் தராசில் ஏறினான்.

எண்பத்தொன்றரை.

இறங்கினான். மறுபடி ஏறினான். தராசு தன் சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை.

"சார், உப்ப ஒதறிட்டு ஏறுங்க" என்றார் பெருமாள். இத்தனை வருட வயிற்றெரிச்சலும் அந்த ஒரு வாக்கியத்தில் ஆறியது.

எல்லோரும் சிரித்தார்கள். நவநீதன் சிரிக்கவில்லை. மெதுவாகக் குனிந்து பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டினான். கெண்டைக்காலுக்கு முன்பக்கம் கட்டைவிரலை வைத்து ஒரே அழுத்து அழுத்தினான். விரலை எடுத்தான். குழி விழுந்து அப்படியே நின்றது.

கருவாடு. மோர். ஊறுகாய். சொம்பு சொம்பாகத் தண்ணீர். ஒவ்வொன்றாக அவன் மண்டைக்குள் வரிசையில் வந்து நின்றன.

"மேகலா! நீ எனக்கு உப்புப் போட்டுட்ட!"

"உப்பில்லாம யாருங்க சோறு துன்றாங்க?"

"இது மோசடி! உமர், நீ சாட்சி, சொல்லு!"

"நான் எடைக்குத்தாம்பா சாட்சி. உப்புக்கு இல்ல" என்றான் உமர்.

"தெனம் நூறு தோல் பாக்கறீங்க, ஒரு கல் உப்பு ஜாஸ்தின்னாலும் புடிச்சிடறீங்க" என்றாள் மேகலா, அவன் செருப்பை எடுத்து அவன் காலடியில் வைத்தபடி. "உங்க தோல நீங்கதான் பாத்திருக்கணும். நாளையோட முடிஞ்சிது. திங்கக்கெழமைல இருந்து உப்புக் கம்மி பண்ணிடறேன், ஒடம்புக்கு ஒண்ணும் ஆவாது."

ஞாயிறு காலை வண்டியை மேகலா ஓட்டினாள். நவநீதன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் வகுப்பெடுத்தான். கிளட்ச்சை இப்படி விடு. வளைவுக்கு முன்னாலேயே கியரை இறக்கு. கூம்பைப் பார்க்காதே, கூம்புக்கு அடுத்த கூம்பைப் பார். அவள் எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள். அவளை நினைத்து அவனுக்கு உண்மையாகவே கவலையாக இருந்தது. வண்டியை நினைத்து இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி கவலையாக இருந்தது.

உமர் முதலில் ஓட்டினான். வழக்கம்போல நன்றாக ஓட்டினான். அடுத்து மேகலா.

கொடி இறங்கியதும் மாருதி பாய்ந்தது. நவநீதன் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று "கிளட்ச்! கிளட்ச்!" என்று கத்திக்கொண்டே ஓடினான். முதல் வளைவில் புழுதி எழுந்தது. புழுதிக்குள்ளிருந்து வண்டி வரவேண்டிய இடத்தில் சரியாக வந்தது. இரண்டாவது வளைவில் பின்சக்கரங்கள் லேசாக வழுக்கின. அவள் ஸ்டியரிங்கைக் கொஞ்சமாகத் தொட்டு நிமிர்த்தினாள். ஒரு கூம்பும் ஆடவில்லை. நவநீதன் கத்துவதை நிறுத்திவிட்டான். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு இது வராது என்று அவனுக்குத் தெரியும்.

"ஏம்பா உமர், இவ எங்க கத்துக்கினா?"

உமர் தலையைச் சொறிந்தான். "நீ ஆத்துல நடக்கப் போனியே, அப்பல்லாம்தான். அண்ணி கேட்டாங்க. நான்தான் கூம்பு நட்டுக் குடுத்தேன். நீ ஓட்றதவிட அவங்க ஓட்டினா எனக்கு ஜெயிக்க சுலபம்னு நெனச்சேன், தோஸ்த்."

அதற்குள் நேரத்தை அறிவித்தார்கள். உமரைவிட ஒன்றரை விநாடி குறைவு. உமர் மறுபடி தலையைச் சொறிந்தான்.

மேகலா தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு இறங்கினாள். முகமெல்லாம் புழுதி, பல் மட்டும் தெரிந்தது. நவநீதனுக்குப் பெருமையாக இருந்தது. வயிறும் எரிந்தது. அவன் இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு கை தட்டினான். போட்டி முடிந்து கோப்பை வாங்கியதும் அவள் ஓடி வந்து அதை அவன் கையில் கொடுத்தாள். "நீங்க சொன்ன எடைக் கணக்குதாங்க" என்றாள். அவள் மனதாரத்தான் சொன்னாள். அதனால் அவனால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

"அடுத்த தடவ நான் எழுபத்தஞ்சுக்கே வந்துடறேன்" என்றான் உறுதியாக. "அப்ப நான்தான் ஓட்டுவேன்."

அப்போது போட்டி நடத்துகிறவர் அவர்களிடம் வந்தார். "வாழ்த்துகள்மா. ஒரே ஆளு திரும்பத் திரும்ப ஜெயிக்கிறாங்கன்னு புதுசா ஒரு ரூல் போட்டிருக்கோம். ஜெயிச்சவங்க அடுத்த போட்டியில அதே வண்டிய ஓட்டணும், எண்பது கிலோ சுமையும் சேத்து ஏத்திக்கணும். மணல் மூட்டை கொண்டாந்து பக்கத்து சீட்ல கட்டிடுங்க."

மேகலா யோசித்தாள். பிறகு கணவனை மேலும் கீழும் பார்த்தாள். டேனரியில் தோலை அவன் பார்க்கிற பார்வை அது.

"மூட்டைதான் வெக்கணுமா சார்? ஆள் ஒக்காரலாமா?"

"தாராளமா. பெல்ட் போட்டுக்கினு ஹெல்மெட்டோட ஒக்காரலாம். ஆனா எண்பதுக்குக் கொறையக் கூடாது."

"கொறையாது. அது என் பொறுப்பு."

"இன்னொண்ணு. சுமைன்னா சுமையாத்தான் இருக்கணும். ஓட்றவங்களுக்கு வழி சொல்றது, கியர் சொல்றது, சத்தம் போடறது எதுவும் கூடாது. வாயத் தொறந்தா நேரத்தக் கூட்டிடுவோம்."

நவநீதன் வாயைத் திறந்தான். மேகலா திரும்பிப் பார்த்தாள். மூடிக்கொண்டான்.

"பாருங்க சார்" என்றாள் மேகலா, "இப்பவே பழகிட்டாரு."