நான் சேர்த்த கூட்டம்

ஆள் பிடித்துக் கூட்டம் சேர்ப்பவர்களைக் கேலி செய்து எழுதியே சம்பளம் வாங்கியவன் நான். அதனால் இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நானும் ஒருமுறை ஆள் பிடித்திருக்கிறேன். நாற்பத்தொரு பேர். லாரிக்குப் பதில் மினிவேன், பிரியாணிக்குப் பதில் புளியோதரை. மற்றபடி முறை அதேதான்.

கோயம்புத்தூரில் ஒரு நாளிதழில் எட்டு வருடம் நிருபராக இருந்தேன். பொதுக்கூட்டங்களில் தலை எண்ணுவது என் தனித்திறமை. மேடையில் லட்சம் பேர் என்பார்கள். காவல்துறை இருபதாயிரம் என்னும். நான் மூங்கில் தடுப்புகளுக்கு நடுவே எத்தனை வரிசை, வரிசைக்கு எத்தனை பேர் என்று பெருக்கி ஒன்பதாயிரம் என்று எழுதுவேன். (எல்லாக் கட்சிக்காரர்களும் என்னைத் திட்டினார்கள். அதை நடுநிலைமைக்குக் கிடைத்த சான்றிதழாக எடுத்துக்கொண்டேன்.)

தொண்ணூறுகளின் பின்பாதியில் என் மனைவி கல்பனாவுக்கு நியூயார்க்கில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. அவளைச் சார்ந்தவனாக விசா வாங்கிக்கொண்டு நானும் போனேன். அந்த விசாவில் நான் அமெரிக்காவில் சமைக்கலாம், குழந்தை வளர்க்கலாம், குப்பைத் தொட்டியைத் தெருவோரம் உருட்டி வைக்கலாம். சம்பளம் வாங்கத்தான் கூடாது. நான்கு வயது மகள் ஆர்த்தியோடு, நியூயார்க்குக்குப் பக்கத்து மாநிலத்தில், வெஸ்ட் வின்ட்சரிலிருந்து இருபது நிமிடத் தொலைவில், ரயில் நிற்கும் ஒரு சிற்றூரில் குடியேறினோம்.

நூறு வருடங்களுக்கு முன் கம்பள ஆலையில் வேலை செய்ய ஸ்காட்லாந்திலிருந்து வந்த நெசவாளர்கள் உண்டாக்கிய ஊர் அது. ஆலை போய்விட்டது. அவர்கள் போட்ட பந்து உருட்டும் மைதானம் மட்டும் ரயில் நிலையத்தை ஒட்டி மிச்சமிருந்தது. கேரம் போர்டைப் புல்லில் செய்து தரையில் பதித்த மாதிரி இருக்கும். முதலில் ஒரு சிறிய வெள்ளைப் பந்தை உருட்டிவிட வேண்டும். பிறகு ஆளாளுக்குப் பெரிய கறுப்புப் பந்துகளை உருட்டி அதன் பக்கத்தில் கொண்டு நிறுத்த வேண்டும். ஆட்டம் அவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் தேநீர்.

அந்தச் சங்கத்தில் உறுப்பினர்கள் பதினொரு பேர். ஆகச் சின்னவருக்கு வயது அறுபத்தெட்டு. செயலாளர், தோட்டக்காரர், சாண்ட்விச் வெட்டுபவர் ஆகிய மூன்று பதவிகளும் எங்கள் பக்கத்து வீட்டு ஆக்னஸிடம் இருந்தன. எழுபத்து நான்கு வயது. கணவர் இல்லை. இருபத்திரண்டு வயதில் ஸ்காட்லாந்தை விட்டு வந்தவர், பேச்சை மட்டும் அங்கேயே விட்டுவிடாமல் கொண்டுவந்திருந்தார். ஆர்த்தி பகல் முழுக்க அவர் பின்னாலேயே சுற்றுவாள். நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், அதுவும் ஆக்னஸின் ஆங்கிலத்தில். கோவையிலிருந்து ஃபோனில் பேசிய என் அப்பா, "கொழந்தைக்குச் சளியா?" என்று கேட்டார்.

ஒரு வசந்த காலத்தில் நகராட்சி அந்த மைதானத்தை எடுத்துக்கொள்ளப் போவதாக அறிவித்தது. ரயிலில் வேலைக்குப் போகிறவர்களுக்குக் கார் நிறுத்துமிடம் கட்டப் போகிறார்கள். முடிவெடுக்கும் முன் மக்களின் கருத்தைக் கேட்க ஒரு மாலைக் கூட்டம்.

ஆக்னஸ் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து நோட்டீசை மேசைமேல் நீவிவிட்டார். "நீயும் கல்பனாவும் வந்து உக்காந்தா போதும். பதினொண்ணு பதிமூணாகும்" என்றார்.

அவர் கேட்டது இரண்டு நாற்காலி. எனக்கோ வேலையில்லாமல் கிடந்த எட்டு வருட அனுபவம் ஒரேயடியாக விழித்துக்கொண்டது. பதின்மூன்று பேரை எந்த நகராட்சி மதிக்கும்? எண்ணிக்கைதான் பேசும் என்று என்னைவிட அறிந்தவன் அந்த ஊரில் யார்? அன்று மதியமே ஃபோனை எடுத்தேன். எடிசன், ஐஸ்லின், வெஸ்ட் வின்ட்சர் என்று தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் அத்தனையையும் கூப்பிட்டேன்.

"வரதன் சார், வியாழக்கிழமை சாயந்திரம் ஃப்ரீயா? எங்க ஊர்ல ஒரு மீட்டிங்."

"என்ன மீட்டிங்? மைக்ல பேசணுமா?"

"பேசவே வேண்டாம். சும்மா வந்து உக்காந்தா போதும். சாப்பாடு நான் பாத்துக்கறேன்."

"சாப்பாடுன்னா?"

"புளியோதரை. வடாம்."

"ஃபேமிலியோட வரேன்."

வியாழக்கிழமை காலை முதல் அரிசி வடித்தேன். அறுபது பொட்டலம். இதற்காகவே மூன்று மணி ரயில் பிடித்து வந்த கல்பனா, அலுமினியத் தாளைக் கிழித்துக் கொடுத்தபடியே கேட்டாள்:

"ஏனுங்க, அந்த எடத்துல என்ன வரப்போகுதுன்னு இவங்களுக்கெல்லாம் சொன்னீங்ளா?"

"அதெல்லாம் எதுக்கு? கூட்டத்துக்கு வர்றவங்களுக்குக் கொள்கை தெரியணும்னு எந்த ஊர்ல இருக்கு?"

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு மறுபடி தாளைக் கிழிக்கத் தொடங்கினாள்.

அந்தப் பார்வையை நான் படித்திருக்க வேண்டும். எங்கள் ரயில் நிலையத்தில் வண்டி நிறுத்த பர்மிட் வேண்டும். பர்மிட்டுக்கு வருடக்கணக்கில் காத்திருப்போர் பட்டியல். அதனால் கல்பனா தினமும் விடியுமுன் ஆறு மணிக்கே கிளம்பி, ஐந்து நிறுத்தம் தள்ளியிருக்கும் நிலையம் வரை ஓட்டிப்போய் அங்கே வண்டியை விட்டு ரயில் ஏறினாள். ஆர்த்தி எழும்போது அம்மாவின் காபி டம்ளர் மட்டும் சிங்க்கில் இருக்கும். இதெல்லாம் என் வீட்டில், என் கண்ணெதிரில் இரண்டு வருடமாக நடந்த செய்தி. ஆனால் நான் ரயிலேறாதவன். 'கார் நிறுத்துமிடம்' என்பது எனக்கு வெறும் எதிரியின் பெயர்.

நகராட்சி மன்றத்தில் வழக்கமாக ஏழெட்டுப் பேர் வருவார்களாம். அன்று மினிவேன்கள் வரிசையாக வந்து நின்றபோது மேயர் அம்மாள் ஜன்னலருகே வந்து நின்று பார்த்தார். பட்டுப் புடவைகள் இறங்கின. கைக்குழந்தைகள் இறங்கின. ஒருவர் மடக்கு நாற்காலியோடு இறங்கினார். பக்கத்துத் தீயணைப்பு நிலையத்திலிருந்து கூடுதல் நாற்காலிகள் வந்தன. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பதினொரு வெள்ளைத் தலைகளும் ஒன்றாகத் திரும்பின.

"இவங்கெல்லாம் யாரு?" என்று ஆக்னஸ் கிசுகிசுத்தார்.

"நம்ம ஆளுங்க" என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு கம்பீரமாக நான் எதையும் சொன்னதில்லை. ஆக்னஸ் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

கூட்டம் ஆரம்பமானது. ஆக்னஸ் எழுந்து இரண்டே நிமிடம் பேசினார். தன் மாமனார் மண் சலித்துப் போட்ட தரை என்றார். இது போனால் சங்கத்தில் பாதிப் பேருக்கு இனி வீட்டைவிட்டு வெளியே வர வேறு காரணம் இல்லை என்றார். என் ஆட்கள் நான் தலையசைத்ததும் பலமாகக் கைதட்டினார்கள். (சொல்லிவைத்திருந்தேன். பொட்டலம் பிரிக்கும் மும்முரத்தில் அவர் பேசியதை யாரும் காதில் வாங்கவில்லை.)

அடுத்து நகராட்சிப் பொறியாளர் ஒரு வரைபடத்தை மாட்டினார். மைதானம் இருந்த இடத்தில் வெள்ளைக் கோடுகள். நாற்பத்தாறு கார்கள். பக்கத்து ஊர்க்காரர்களும் விண்ணப்பிக்கலாம்.

எனக்குப் பின்னால் அலுமினியத் தாளின் சலசலப்பு நின்றது. எட்டு வருடம் கூட்டங்களில் உட்கார்ந்தவனுக்கு அமைதிகளின் வகை தெரியும். இது கவனிக்கிற அமைதி.

"என்னது, பார்க்கிங்கா?"

"நாப்பத்தாறு ஸ்லாட்டாம்."

"வெளியூர்க்காரனுக்கும் குடுக்கறாங்களாம்பா!"

"ஏய், நான் ரெண்டு வருஷமா லிஸ்ட்ல நிக்கறேன். வேற ஸ்டேஷன்ல காரை விட டெய்லி அஞ்சரைக்கு எந்திரிக்கறேன்யா!"

நான் திரும்பி உதட்டின்மேல் விரல் வைத்தேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. அத்தனை கண்ணும் வரைபடத்தில். அதற்குள் வரதன் சார் மைக்கை அடைந்துவிட்டார். பேசவே வேண்டாம் என்று நான் சொல்லியிருந்த அதே வரதன் சார். தன் பெயர், ஊர், ஏறும் ரயில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, இந்தத் திட்டம் மிக மிக அருமையான திட்டம், ஏன் நாற்பத்தாறோடு நிறுத்த வேண்டும், இரண்டு மாடியாகக் கட்டலாமே என்று கேட்டார். எனக்குப் பின்னால் கைதட்டல் எழுந்தது. இம்முறை யாரும் சொல்லிவைக்கவில்லை.

மேயர் அம்மாள் முகமெல்லாம் சிரிப்பாக, சும்மா ஒரு கருத்தறிவதற்காக என்று சொல்லிக் கைதூக்கச் சொன்னார். மைதானம் வேண்டும் என்பவர்கள்? பதினொரு பேர், நான், இரண்டு கைகளையும் தூக்கிய ஆர்த்தி.

கார் நிறுத்துமிடம் வேண்டும் என்பவர்கள்?

பழக்கதோஷம், எண்ணினேன். முப்பத்தெட்டு. (மூன்று பேர் டயபர் மாற்ற வெளியே போயிருந்தார்கள்.) எண்ணி முடித்துத் திரும்பினால், பக்கத்து நாற்காலியில் முப்பத்தொன்பதாவது கை. நேராகத் தூக்கிய கை அல்ல. தோள் உயரம் வரை வந்து, மேலே போகவும் மனமில்லாமல் இறங்கவும் மனமில்லாமல் நின்ற கை. கல்பனா என்னைப் பார்க்கவில்லை. ஆக்னஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. கை மட்டும் இறங்கவில்லை.

பிறகு மன்ற உறுப்பினர்கள் ஐந்து பேரும் வாக்களித்ததில், நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் திட்டம் நிறைவேறியது. அவர்கள் எப்படியும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்று ஆக்னஸ் பிற்பாடு பலமுறை சொன்னார். எனக்காகச் சொன்னார்.

தாழ்வாரத்தில் நான் பொட்டலங்களோடு நின்றேன். உலகத்தில் எந்தக் கட்சியாவது, எதிராக ஓட்டுப் போட்டவர்களுக்குத் தன் செலவில் சாப்பாடு போட்டிருக்குமா? வரதன் சார் இரண்டாவது பொட்டலத்துக்கு வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

"அந்தம்மா கிரவுண்டா சார் அது? முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தா நான் வீட்டுலயே இருந்திருப்பேனே!"

கல்பனா சுவரோரமாக நின்றிருந்தாள். ஆக்னஸ் நேராக அவளிடம் போனார். நான் பின்னாலேயே ஓடினேன், நடுவில் விழுந்து மன்னிப்புக் கேட்க.

"ஸாரி ஆக்னஸ்" என்றாள் கல்பனா.

"எதுக்கு? குழந்தையோட காலைச் சாப்பாடு சாப்பிட ஆசைப்பட்டதுக்கா?" ஆக்னஸ் அவள் கன்னத்தைத் தட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ மட்டும் ஒண்ணு செய். அடுத்த தடவை எனக்கு உதவி பண்ணணும்னு தோணிச்சுன்னா முதல்ல என்கிட்ட சொல்லு. நான் ஊரைவிட்டுப் போயிடறேன்." அப்படிச் சொல்லிவிட்டு ஒரு பொட்டலத்தை வாங்கி, நின்றபடியே முழுவதும் சாப்பிட்டார். காரத்தில் மூக்கு சிவந்தது. இன்னொன்று கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

மண்வெட்டும் இயந்திரங்கள் வர நவம்பர் ஆகும் என்றார்கள். அடுத்த சனிக்கிழமை காலை மைதானத்துக்குப் போனால், எங்களுக்கு முன்பே வரதன் சார் நின்றிருந்தார். கையில் ஒரு டப்பா மைசூர்பாகு. குற்றவுணர்ச்சியில் வந்தவருக்குப் பத்தாவது பந்தில் ஆட்டம் பிடித்துவிட்டது. அதற்கடுத்த வாரம் எட்டுப் பேர். ஜூலையில் இருபது பேர். ஹீல்ஸ் செருப்போடு புல்லில் கால் வைத்த பெண்களை ஆக்னஸ் அதட்டி வெறுங்காலோடு ஆடவிட்டார். "வரதன்! நீ பந்து உருட்டறியா, தேங்காய் உடைக்கறியா?" என்ற கேள்வி ரயில் நிலையம் வரை கேட்கும். (தேங்காய் உடைப்பதை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.) சங்கத்துக்கு இருபது வருடத்தில் அப்படி ஒரு கோடைக்காலம் அமைந்ததில்லை என்று கிழவர்கள் சொன்னார்கள். ஒழித்துக்கட்டியவர்களே ஆட வந்ததால் அமைந்தது.

நவம்பரில் இயந்திரங்கள் வந்தன. ஆக்னஸ் வேலிக்கு வெளியே தேநீர்க் கோப்பையோடு நின்று பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"கிழக்கு ஓரத்துல ஒரு மேடு," என்றார். "முப்பது வருஷமா சரி பண்ணப் பாத்தேன். இவன் ஒரே காலையில சரி பண்ணிட்டான், பாரேன்."

தேநீர் ஆறிப்போகும்வரை அங்கேயே நின்றார்.

வசந்தத்தில் கல்பனாவுக்கு பர்மிட் வந்தது. முதல் நாள் ஏழரை மணிக்கு அவளும் ஆர்த்தியும் எதிரெதிரே உட்கார்ந்து தோசை சாப்பிட்டார்கள். பின்கதவைத் தட்டிக்கொண்டு ஆக்னஸ் வந்தார்.

"எத்தனாம் நம்பர் குடுத்தான்?"

"முப்பத்தொண்ணு" என்றாள் கல்பனா, குற்றவாளி மாதிரி.

ஆக்னஸ் கண்ணை மூடி மனதுக்குள் அளந்தார். "தென்மேற்கு மூலை. அங்க ஈரம் காயவே காயாது. வண்டியில ஒரு ஜோடி செருப்பு கூட வெச்சுக்கோ." பிறகு தனக்கும் ஒரு தோசை கேட்டார்.

ஆக்னஸ் இப்போது இல்லை. ஆனால் அந்தப் பாதிக் கை எங்கள் வீட்டில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. நாலு பேர் முன்னிலையில் நான் எதையாவது பெரிதாகத் திட்டமிடத் தொடங்கினால் கல்பனா ஒன்றும் சொல்ல மாட்டாள். தோள் உயரத்துக்கு ஒரு கை வரும், அவ்வளவுதான். ஆர்த்தி பத்து வயதில் அதைக் கற்றுக்கொண்டாள். போன வருடம் அவள் கல்யாண வரவேற்பில் நான் மைக்கைப் பிடித்து, வந்திருந்த முந்நூற்றுப் பத்துப் பேரையும் (எண்ணியிருந்தேன்) வரவேற்கத் தொடங்கினேன். ஏழாவது நிமிடத்தில் முன்வரிசையில் கல்பனாவின் கை தோள்வரை வந்தது. மேடையில் மணப்பெண்ணின் மருதாணிக் கை. அதைப் பார்த்து, விஷயம் என்னவென்றே தெரியாத மாப்பிள்ளையும் மரியாதையாகக் கையைத் தூக்கினார்.

மூன்றுக்கு ஒன்று. உட்கார்ந்துவிட்டேன்.