கையில் ஒட்டிய சாட்சி

"வாயில என்ன?"

போனை எடுத்ததும் மனைவி கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"நாக்கு," என்றார் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார்.

"விளையாடாதீங்க. இருநூத்தி நாப்பது காட்டுது. என்னத்தைத் தின்னீங்க?"

"சத்தியமா ஒண்ணும் இல்லம்மா! வண்டியில உக்காந்திருக்கேன். இந்தப் பொண்ணு லாரிக்கு அடியில பூந்து போகலாமான்னு பாக்குது. ஏம்மா, பிரேக்கு! பிரேக்கு!"

தன் காலடியில் இருந்த இன்னொரு பிரேக்கைத் தானே மிதித்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டார். லாரிக்கு அவர் பயந்தவரே இல்லை. இருபது வருஷமாக ஊரில் இருக்கிற அத்தனை கத்துக்குட்டிகளுக்கும் பக்கத்தில் உட்கார்ந்தே பிழைப்பு நடத்துகிற மனுஷன். ஆனால் ஊசி என்றால் மட்டும் அவருக்குக் கை கால் உதறிவிடும்.

அங்கேதான் போன வாரம் டாக்டர் கை வைத்திருந்தார். "பதினாலு நாள் இந்த சென்சாரைக் கையில ஒட்டிக்குங்க. சர்க்கரை எப்ப ஏறுது, எப்ப இறங்குதுன்னு அதுவே போனுக்குச் சொல்லிடும். இறங்கலைன்னா தினம் ஊசிதான்."

ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வெள்ளை வில்லை. அடியில் முடி மாதிரி ஒரு கம்பி. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றான் மருந்துக்கடைக்காரன்.

"ரெண்டாவது எதுக்கு?" என்று கேட்டார் வாத்தியார்.

"நான் ஒட்டிக்கறேன். காசு குடுத்து வாங்கினதை வீணாக்கச் சொல்றீங்களா?" என்றார் மனைவி. வீட்டிலேயே டியூஷன் எடுக்கிற கணக்கு டீச்சர். ஒரு பருக்கையைக்கூட வீணாக்க மாட்டார். இரண்டு பெட்டிகளையும் தன் போன் கேமராவில் காட்டி, 'அவர்', 'நான்' என்று பெயர் போட்டார். பிறகு இரண்டு வில்லைகளையும் ஒன்றாக வெளியே எடுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு அலறிய கணவர் கையில் ஒன்றும் தன் கையில் ஒன்றுமாக அழுத்தினார். எல்லாம் அரை நிமிஷ வேலை.

அன்றிலிருந்து வாத்தியாருக்குச் சனி பிடித்தது.

முதலில் தேநீரில் சர்க்கரையை நிறுத்தினார். எண் இறங்கவில்லை. அடுத்து, லைசென்ஸ் வாங்கிய மாணவர்கள் சந்தோஷமாகக் கொண்டுவந்து தரும் கேக்கு, சாக்லேட்டு, பிஸ்கட்டுப் பெட்டிகளைப் பிரிக்காமல் அப்படியே மனைவியிடம் ஒப்படைத்தார்.

"சீலைப் பாத்துக்கோ. கை படலை."

"வைங்க அலமாரியில. லீவு முடிஞ்சு டியூஷன் பசங்க வந்ததும் குடுக்கலாம்."

அந்த வாரம் பார்த்து ஒன்பது பேர் பாஸாகித் தொலைத்தார்கள். ஒன்பது பெட்டி. எண் இருநூற்று அறுபதுக்குப் போனது.

"தொடவே இல்லங்கறீங்க. அப்ப காத்துலயா வருது சர்க்கரை?"

"எனக்கென்ன தெரியும்? உன்னுது எவ்வளவு காட்டுது?"

டீச்சர் போனைப் பெருமையாக நீட்டினார். "நூத்தி அஞ்சு. என் உடம்பு எங்கப்பா உடம்பு. எதைப் போட்டாலும் அசையாது. என்ன, நடுநடுவுல மணிக்கணக்கா ஒண்ணுமே காட்டாது, அப்புறம் மொத்தமா காட்டும். இலவசமா வந்தது அப்படித்தான் இருக்கும்."

சரி, நடப்போம் என்று வாத்தியார் காலையில் ஒரு மணி நேரம் பூங்காவைச் சுற்றினார். நான்காவது சுற்றில் போன் வந்தது.

"பூங்கா வாசல்ல பேக்கரி இருக்குல்ல? அங்கதானே நிக்கிறீங்க? இருநூத்தி எழுபது!"

"அடியே, நாக்கு வறண்டு நடந்துக்கிட்டிருக்கேன்டி!"

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் மச்சினனைச் சாட்சிக்குக் கூட்டிப்போனார். அவன் கூடவே ஓடி, மூச்சிரைக்க வந்து, "அக்கா, மாமா தண்ணிகூடக் குடிக்கலை," என்றான்.

"நீ எவ்வளவு வாங்கினே அவர்கிட்ட?" என்றார் அக்கா. மச்சினன் கோபித்துக்கொண்டு போய்விட்டான். சாட்சியும் போனது, சொந்தமும் போனது.

மனம் வெறுத்த வாத்தியார் பாதிப் பட்டினி கிடந்தார். இடுப்பில் பேன்ட் நிற்கவில்லை. எண் மட்டும் இறங்குவேனா என்றது. முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் பொய்யன் என்ற பேர் அவருக்கு வந்ததில்லை. ஊசியைவிட அதுதான் அதிகமாகக் குத்தியது.

பதினைந்தாம் நாள் டாக்டர் முன்னால் டீச்சர் ஒரு கோடு போட்ட நோட்டைப் பிரித்தார். தேதி, மணி, எண், கணவர் அப்போது எங்கே இருந்தார் என்பது வரை கட்டம் கட்டி எழுதியிருந்தார்.

"பாருங்க டாக்டர். காலையில ஆறேகால், பூங்கா, இருநூத்தி எழுபது. பதினொரு மணி, வண்டிக்குள்ள, இருநூத்தி நாப்பது. இவர் வாயைத் திறந்தா பொய்!"

"டாக்டர், குலதெய்வத்து மேல ஆணையா..."

"எண் பொய் சொல்லாதுங்க," என்று டாக்டர் பேனாவைத் திறந்தார். "ஊசி எழுதிடறேன்."

வாத்தியார் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். வில்லையைப் பிரித்தெடுக்க வந்த நர்ஸ் பெண் நோட்டை எட்டிப் பார்த்தாள். இன்னொரு தரம் பார்த்தாள்.

"ஏம்மா, ஐயா பூங்காவுல நடக்கறப்போ இந்தப் போன் எங்க இருந்துச்சு?"

"என் கையிலதான். வீட்டுல, அலமாரி பக்கத்துல. ஏன்?"

நர்ஸ் பெண் வாத்தியாரை விட்டுவிட்டு, டீச்சரின் ரவிக்கைக் கையை மெல்ல மேலே ஏற்றினாள்.

"இந்த வில்லையோட சிக்னல் இருபது அடி தாண்டாதும்மா; டாக்டர், ஊசிச்சீட்டுல பேரை மட்டும் மாத்தி எழுதிடுங்க."