மாடிவீட்டு ராக் குழுவைக் காலி செய்யச் சொல்லும் விஷயமாக

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

நானும் என் மனைவியும் இங்கே சுகம். நீங்களும் என் தங்கையும் அங்கே சுகமாக, முக்கியமாக அமைதியாக, இருக்க வேண்டுகிறேன். உங்கள் வீட்டின் மாடியில் குடியிருக்கும் ராக் குழுவின் சத்தம் கீழ்வீட்டில் என் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுகிறது என்று நான் எழுதியதும், மாதக் கடைசிக்குள் காலி செய்யும்படி அவர்களிடம் சொல்லிவிட்டீர்கள். மிக்க நன்றி. அதிலிருந்து இம்மியும் இறங்கி வராதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இடையில் ஒரு சின்னச் சங்கதி. குழந்தைகள் மருத்துவமனைக்கு மூச்சுக் கருவி வாங்க எங்கள் குடியிருப்போர் சங்கம் ஒரு கச்சேரி வைத்தது. காசு வாங்காமல் பாட மாடிவீட்டுக் குழு முன்வந்தது. நான் விடுவேனா? கூட்டத்தில் எழுந்து, "பாடட்டும். ஆனா கரண்ட் கூடாது, ஆம்ப்ளிஃபையர் கூடாது, டிரம்ஸ் கூடாது, மைக்கும் கூடாது" என்றேன். மூக்கை உடைத்துவிட்டதாக நினைப்பு எனக்கு. அந்த ஜடாமுடிப் பாடகனோ, "சூப்பர் அங்கிள், அக்கூஸ்டிக்கா பண்ணிடலாம்" என்று சிரிக்கிறான். வெறும் மர கிடாரை வைத்துப் பாடுவதற்கு அப்படி ஒரு பேராம். கச்சேரியன்று முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன், குறை கண்டுபிடிக்கத்தான், வேறெதற்கு? டிரம்ஸ் பெண் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து அதையே தட்டினாள். இத்தனை நாள் என் தலைமேல் இடி இறக்கிய கை, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி தட்டியது. பின்வரிசையில், "ஒண்ணும் கேக்கலப்பா!" என்று கத்தினார்கள். ஜடாமுடி, "தூங்காத தெருவிளக்கே, நீயாச்சும் சொல்லேன்" என்று ஆரம்பித்தான், அடுத்த வரி மறந்து திருதிருவென முழித்தான். கரண்ட் இருந்தால் ஒரு உறுமல் உறுமி மழுப்பியிருப்பான். பாவி, நாலு மாதமாக என் தலைக்கு மேலேயே பாடிப் பாடி எனக்கு மனப்பாடம் ஆக்கிவிட்டு, அவன் மறந்து நிற்கிறான்! என்னால் பொறுக்க முடியவில்லை. "அவ வீட்டு ஜன்னல் ஏன் மூடிக் கிடக்கு!" என்று எடுத்துக் கொடுத்தேன். நான் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். பழக்க தோஷம், அதையே இரண்டு முறை சொன்னேன்.

மண்டபம் கொல்லென்று சிரித்தது. பின்வரிசைக்காரர், "இப்பதாங்க கேக்குது, அவரையே சொல்லச் சொல்லுங்க!" என்றார். ஜடாமுடி கையைப் பிடித்து என்னை மேடைக்கு இழுத்துவிட்டான். அப்புறம் ஒவ்வொரு வரியையும் நான் எடுத்துக்கொடுக்க அவன் பாடினான். நடுவில் கிடார் கம்பி அறுந்தபோது, "பயணிகளின் கவனத்திற்கு, அடுத்த பாட்டு சற்றுத் தாமதமாகப் புறப்படும், வருந்துகிறோம்" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. கைதட்டல் ஓய வெகு நேரமாயிற்று. மாப்பிள்ளை, வேலையில் இருந்தவரை ஊரே என் குரலைக் கேட்டு ஓடியது. ஓய்வு பெற்றபின் வீட்டில் காபி கேட்டால்கூட யாருக்கும் காதில் விழுவதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்? கருவிக்கு வேண்டிய தொகையும் சேர்ந்துவிட்டது.

அதற்காக நியாயம் மாறிவிடுமா? சொன்னது சொன்னதுதான். அவர்கள் காலி செய்யட்டும்.

தங்கைக்கு என் ஆசிகள். உங்கள் முழங்கால் வலி சீக்கிரம் விலகட்டும்.

இப்படிக்கு,
அமைதியை நாடும் உங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டும் முன் என் மனைவி இதை வாங்கிப் படித்துவிட்டு, "அவங்க கட்டி வச்ச அட்டைப்பெட்டியெல்லாம் நேத்து மேல போய் பிரிச்சு அடுக்கிட்டு வந்தது யாரு?" என்று கேட்கிறாள். நான்தான். ஆகவே மேலே உள்ளதை விட்டுவிடுங்கள், அவர்களைக் காலி செய்யச் சொல்லாதீர்கள். அடுத்த கச்சேரிக்கும் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். விடியற்காலையிலேயே எழுந்து பயிற்சி செய்கிறேன். இன்று டிரம்ஸ் பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி வந்து, "அங்கிள், கொஞ்சம் மெதுவா... மேல யாருக்கும் தூக்கமே இல்ல" என்றாள். கீழ்வீட்டுச் சத்தம் தாங்கவில்லை என்று மாடியிலிருந்து உங்களுக்குப் புகார் வந்தால் தயவுசெய்து நம்ப வேண்டாம்.