கேரட் மேடம் எழுதிய காலி டெம்ப்ளேட்

வெறும் காலியிடத்தாலேயே கம்ப்யூட்டரின் வாயை அடைக்கத் தெரிந்த ஒரே பிறவி, நானறிந்த வரையில், கேரட் மேடம்தான்.

2004 வாக்கில் கொடைக்கானலில் ஒரு மாடியறையில் ஏழு பேர் வேலை பார்த்தோம். வெளிநாட்டுப் புத்தகங்கள், தலைப்பு, பத்தி, குறிப்பு என்று ஒவ்வொரு பகுதிக்கும் பெயரொட்டிய எக்ஸ்எம்எல் கோப்புகளாக வரும். தலைப்பு வந்தால் இப்படிக் காட்டு, பத்தி வந்தால் அப்படிக் காட்டு என்று ஒவ்வொன்றுக்கும் டெம்ப்ளேட் எழுதி, வெப் பக்கமாக்கி அனுப்புவோம்.

எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் மேடம், பக்கத்து வில்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார், கைப்பை நிறையத் தோட்டத்துக் கேரட்டோடு. வந்ததும் ஜன்னல்களைச் சாத்துவார். கண்ணாடியில் ஆவி படிந்ததும் கோப்பு முழுவதையும் மரம்போல விரலால் வரைந்து, எந்தக் கிளைக்கு யார் டெம்ப்ளேட் எழுத வேண்டுமோ அவர் பெயரையும் போட்டுவிடுவார். வெயில் நாட்களில் கண்ணாடியில் ஊதி ஊதியே வரைவார். செத்தாலும் ஜன்னலைத் திறக்க விடமாட்டார்.

எனக்கு வேலை நிரந்தரமாக ஒரு வாரம்தான் பாக்கி. அப்போது ஒரு நாள் மதியம் மேனேஜர் அலறினார். அனுப்பவிருந்த வெப் பக்கத்தின் நடுவே, எடிட்டர் எழுத்தாளரைப் பற்றித் தனக்காக எழுதிவைத்த குறிப்பு பளிச்சென்று கிடந்தது: 'இந்த ஆளுக்கு ஒரு வாக்கியம்கூட முடிக்கத் தெரியவில்லை.'

"வெரசா சரி பண்ணுங்க. எவன் வேலைன்னு தெரியட்டும், இன்னையோட அனுப்பிடுறேன்!" என்று கத்திவிட்டுப் போனார்.

குறிப்புகள் என் பொறுப்பு. மேடத்திடம் ஓடினேன்.

"அதுக்கு நான் டெம்ப்ளேட்டே எழுதலைங்க மேடம். வேண்டாததுதானேன்னு விட்டுட்டேன். எப்படி வந்துச்சு?"

"எழுதாததாலதாங்க வந்துச்சு." கேரட்டைக் கடித்தார். "எங்க தோட்டத்துல கேரட் மூட்டைக்கு ஒரு ஆளு, பீன்ஸ் மூட்டைக்கு ஒரு ஆளு. கேக்க ஆளில்லாத மூட்டைய என்ன செய்வாங்க? அப்படியே லாரியில ஏத்திருவாங்க. கம்ப்யூட்டரும் அப்படித்தாங்க, ஆளில்லாதத அப்படியே பக்கத்துல போட்டுரும். ஒரு ஆளைப் போடுங்க. வந்தா வாங்கிக்கிட்டு, ஒரு சோலியும் பாக்காம நிக்கட்டும்."

என் கீபோர்டை இழுத்து, குறிப்புக்கென ஒரு டெம்ப்ளேட் எழுதினார். உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை. புத்தகத்தை மறுபடி ஓட்டினார். அத்தனை பக்கத்திலிருந்தும் குறிப்புகள் போன இடம் தெரியவில்லை. ஒன்றுமே எழுதாமல் ஒரு வேலையை முடித்த அந்தக் கையை நான் சாமியைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

மேனேஜர் திரும்ப வந்தார். "சரி, யாரு விட்டது இதை?"

அவர் பார்வை கண்ணாடிப் பக்கம் போனது. அதில் 'குறிப்பு' என்ற கிளையின் கீழே, கொட்டை எழுத்தில் என் பெயர்.

அவர் அதைப் படிப்பதற்குள் மேடம் எழுந்தார். "ஒரே புழுக்கமா கெடக்குங்க சார்" என்றபடி, அந்தக் கொடைக்கானல் குளிரில் ஜன்னலை விரியத் திறந்தார்.

கண்ணாடிக் கதவு வெளிப்பக்கமாக விரிந்து போனது. என் பெயரும் அதோடு மூடுபனிக்குள் போய்விட்டது. அந்த மகராசி எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.