சிரட்டையில் தேத்தண்ணி குடித்த பயஸ்கோப்பர்

யாழ்ப்பாணத்தில் படம் பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். படத்தை நம்பியவர் ஒருவர்தான். அவருக்குப் பக்கத்து மேசையில் இருந்து வேலை பார்க்கும்படி என் தலையில் எழுதியிருந்தது.

சொந்தப் பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. யாரும் அதைப் பாவித்ததில்லை. பட்டணத்தில் வழக்குப் பேசுகிற ஒரு பிரக்கிராசியாரின் கந்தோரில் நாங்கள் இருவரும் கிளாக்கர்மார். பேசும் படம் வந்த புதிது. தகரக் கொட்டகையில் படம் மாறும்போதெல்லாம் மனிதரும் மாறினார். படத்தைப் பயஸ்கோப் என்று சொல்லுகிற காலம், அதனால் அவர் பயஸ்கோப்பர்.

மற்றவர்கள் படம் பார்த்துவிட்டுப் பாட்டை முணுமுணுப்பார்கள். இவர் கதாநாயகனின் கொள்கையை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். கொட்டகையில் பக்கத்தில் இருந்து என் கையைப் பிடித்து, "பாரும், எப்பிடிப்பட்ட மனுசன்" என்று கதாநாயகனைக் காட்டுவார். பொய்யே பேசாத வணிகன் ஒருவனின் படம் ஓடிய நாட்களில் எங்கள் கந்தோர் படுத்தே விட்டது. வேலி வழக்கோடு வந்த, ஊர் அதிகாரியான ஒரு விதானையாரை இவர் வாசலிலேயே மறித்தார்.

"உங்கடை காணி உறுதிப் பத்திரத்தை நான் வாசிச்சனான். வேலியைத் தள்ளிப் போட்டது நீங்கள்தான். வழக்குத் தோக்கும். வெயில் ஏற முன்னம் வீட்டை போங்கோ."

விதானையார் போய்விட்டார். பிரக்கிராசியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைக் கசக்கினார். "உந்தப் படம் எப்ப மாறும் தம்பி?" என்று என்னிடம் கேட்டார்.

மாறியது. அடுத்தது குதிரையும் வாளுமாக ஒரு படம். பயஸ்கோப்பர் ஓடுகிற பஸ்ஸில் இருந்து குதித்து, பையோடு ஓடிவந்த ஒருவனைக் கட்டிப்பிடித்து உருண்டார். அவன் கள்ளன் அல்ல, அதே பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்தவன். இருவரையும் ஒரே வண்டிலில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பினோம். அதற்கடுத்து ஒரு துறவி. பயஸ்கோப்பர் செருப்பைத் துறந்தார், குடையைத் துறந்தார், கடைசியில் கந்தோர்க் கதிரையையும் துறந்து நிலத்தில் இருந்து எழுதத் தொடங்கினார். அவரைத் தாண்டித் தாண்டியே என் முழங்கால் பழுதாய்ப் போனது.

இப்படியிருக்கும்போது ஒரு சோணங்கிப் படம் வந்தது. பாட்டும் சரியில்லை, சண்டையும் இல்லை. காட்டில் வழிதவறிய ராசகுமாரனுக்கு ஊருக்கு வெளியே தள்ளிவைக்கப்பட்ட ஒரு கிழவன் தண்ணீர் நீட்டுகிறான். வாங்கலாமா கூடாதா என்று யோசித்து யோசித்தே ராசகுமாரன் நாக்கு வறண்டு விழுந்துபோகிறான். சனம் சுருட்டுப் பிடிக்க வெளியே போய்விட்டது. பயஸ்கோப்பர் மட்டும் அசையாமல் இருந்தார்.

மறுநாள் வழக்கம்போல எதிர்க்கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனோம். அந்தக் கடைக்கு விறகு கொத்துகிறவன் சின்னான். அவன் கொத்திய விறகில்தான் தண்ணீர் கொதிக்கும். ஆனால் அவனுடைய சாதிக்காரர் உள்ளே வரக்கூடாது. வெளியில் நின்று தேங்காய்ச் சிரட்டையில் வாங்கிக் குடிக்க வேண்டும். எங்களுக்கு உள்ளே இருக்க மரவாங்கும், குடிக்கப் பளபளக்கிற பித்தளைப் பேணியும்.

"எனக்கும் சிரட்டையிலை தாரும்" என்றார் பயஸ்கோப்பர்.

"ஏன் அண்ணை, பேணி ஊத்தையோ?" என்று கடைக்காரர் கேட்டார்.

"பேணி நல்லாய்த்தான் கிடக்கு. சின்னானுக்கும் அதிலை குடுத்தால் நானும் அதிலை குடிக்கிறன்."

"அது ஏலாது."

"அப்ப சிரட்டையிலை தாரும்."

சிரட்டையோடு வெளியே போய்ச் சின்னானுக்குப் பக்கத்தில் நின்றார். "நயினார், உள்ளுக்குப் போங்கோ" என்று சின்னான் கெஞ்சினான். "உங்களை ஒருத்தரும் ஒண்டும் செய்யாயினம். அடி எனக்குத்தான் விழும்."

படத்தில் இந்தக் கட்டம் இல்லை. பயஸ்கோப்பர் சின்னானை விட்டு விலகினார். பிறகு தெருவைக் கடந்து மறுகரைக்குப் போய், வெயிலில் தனியே நின்று குடித்தார். அதுவே தினசரி வழக்கமாயிற்று.

கந்தோரில் நாங்கள் சிரித்தோம். அடுத்த படம் வரட்டும் என்றோம். வந்தது, போனது. அவர் கொட்டகைப் பக்கமே போகவில்லை.

செய்தி அவருடைய ஊரான மானிப்பாய்க்குப் போய்ச் சேர்ந்தது. முடிவெட்டுகிறவரை அவர் வீட்டுக்குப் போகவேண்டாம் என்று ஊர்ப் பெரியவர்கள் தடுத்தார்கள். துணி வெளுக்கிறவரையும் தடுத்தார்கள். தாடியும் கசங்கின வேட்டியுமாகக் கந்தோருக்கு வந்தார். ஒருநாள் மனைவியே கத்தரிக்கோல் எடுத்திருக்கிறார். மாடு மேய்ந்த தலையோடு வந்து நின்றவரைப் பார்த்துப் பிரக்கிராசியார்கூடச் சிரிக்கவில்லை. மகளின் கலியாணப் பேச்சும் நின்றுபோனது.

"எனக்கு ஏலாது தம்பி" என்றார் பிரக்கிராசியார். "புதுசாய் ஒரு சிரிப்புப் படம் வந்திருக்காம். எப்பிடியாவது உவரைக் கூட்டிக்கொண்டு போம்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சைக்கிளை உழக்கிக்கொண்டு மானிப்பாய்க்குப் போனேன். அவருடைய மனைவி தண்ணீர் தந்தார். மனுசி முகத்தில் பல மாதக் களைப்பு.

"அண்ணை, சிரிப்புப் படமாம். வாங்கோ, பாத்திட்டு வருவம்" என்றேன்.

"நான் வரேல்லை."

"ஏன்? படம் எண்டால் உங்களுக்கு உயிரெல்லே?"

"அதுதான் பயமாய்க் கிடக்கு. எனக்கு என்னைத் தெரியுந்தானே. போனால் மாறிப்போவன். நாளைக்கு உள்ளுக்கை இருந்து பேணியிலை குடிச்சுக்கொண்டு சிரிப்பன்."

"உங்களுக்குக் களைக்கேல்லையோ அண்ணை?"

"களைக்குது" என்றார். "நல்லாய்க் களைக்குது. சின்னான் பிறந்ததிலை இருந்து நிண்டெல்லோ குடிக்கிறான். அவனுக்கும் களைக்குந்தானே."

நான் மனைவியைப் பார்த்தேன். அவராவது எனக்காக ஒரு சொல் சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் செம்பை எடுத்துக்கொண்டு, "இவரை விடும் தம்பி" என்றார். "முந்தினதெல்லாம் படம். இது இவர்."

பயஸ்கோப்பர் அதற்குப் பிறகு படமே பார்க்கவில்லை. கடைக்காரர் கடைசிவரை சின்னானுக்குப் பேணி கொடுக்கவுமில்லை. சின்னான் வேறு கடைக்கு விறகு கொத்தப் போனான், அங்கேயும் சிரட்டைதான். மகளுக்குப் பிந்தியென்றாலும் நல்ல இடத்தில் கலியாணம் நடந்தது. வேலையை விடும்வரை அவர் அந்த மறுகரையில் நின்றே குடித்தார்.

அந்த ஞாயிறு பின்னேரம் சிரிப்புப் படத்துக்கு நான் தனியாகவே போனேன். கொட்டகை முழுக்கச் சிரித்தது. பக்கத்தில் இருந்து என் கையைப் பிடித்து, "பாரும், எப்பிடிப்பட்ட மனுசன்" என்று சொல்ல ஆளில்லை. பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.