கிரூயி என்றது கிளி

"என்னது? இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க பாக்கலாம்!"

பாட்டு டீச்சர் விருட்டென்று திரும்பினார். அவர் இடுப்பைச் சுற்றிய அளவு நாடாவின் இரண்டு முனையும் டெய்லர் கையில் இருந்ததால், டெய்லரும் கூடவே ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றார்.

"நான் ஒண்ணும் சொல்லலீங்களே, டீச்சர்."

"நீங்க சொல்லலை. உங்க கிளி சொல்லிச்சு, கிரூயின்னு. எங்க பாஷையில கிரூயின்னா என்ன தெரியுமா? பீப்பாய்!"

டெய்லர் கூண்டைப் பார்த்தார். காலையில்தான் வாங்கி வந்த கிளி, கூண்டுக்குள் தொங்கிய கம்பி ஊஞ்சலில் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. சத்தம் போடாத கிளி என்று கேட்டுத்தான் வாங்கினார். கடைக்காரர் நன்றாக ஏமாற்றிவிட்டார்.

கிளி அவருக்கில்லை, மனைவிக்கு. ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுக்கிறவர், மைத்துனன் கல்யாணத்துக்கு மனைவியின் ரவிக்கையைத் தைக்க மறந்துவிட்டார். அன்றைக்கு மூடிய வாயை அவள் இன்னும் திறக்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்து 'ணங்' என்று வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவள் திட்டுக்கு அவர் ஏங்கிப்போயிருந்தார். கிளி என்றால் அவளுக்கு உயிர். அதைக் கொடுத்தாவது ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும்.

அதற்குள் இந்த வம்பு. லைனிங் துணியை எடுத்துக் கூண்டை மூடினார். உள்ளே இருட்டானதும் கிளி மிரண்டு ஊஞ்சலில் துள்ளியது.

"கிரூயி, கிரூயி, கிரூயி!"

"மூணு பீப்பாயா?" என்று அளவு கொடுக்காமலே வெளியேறினார் டீச்சர்.

காற்றாட இருக்கட்டும் என்று கூண்டை வாசலில் மாட்டினார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து சலூன்காரர், வழக்கம்போலக் கேட்காமலே கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு நழுவினார். காற்று வீசியது.

"கிரூயி."

"யாரைப் பாத்துத் திருடன்கிறே?" என்று கத்தினார் சலூன்காரர்.

"அண்ணே, உங்க பாஷையில அப்படியா?"

"எங்க பாஷையைக் கிளிக்குச் சொல்லிக் குடுத்து என்னை மடக்கறீங்களா?"

அந்தக் கட்டடத்தில் மாடிக்கொரு பாஷை. எந்தப் பாஷையில் எது கெட்ட வார்த்தையோ என்ற பயத்தில், டெய்லர் கூண்டைத் தூக்கி உள்ளே, உடுத்திப் பார்க்கிற அறைக்குப் பக்கத்தில் மறைத்தார். அறையில் மேல்மாடி ஆபீசர் புது பேண்ட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிரூயி."

"ஐயையோ, கிழிஞ்சிருச்சா?" என்று ஆபீசர் தன் பாஷையில் புரிந்துகொண்டு, பின்பக்கத்தைப் பார்க்க உடம்பை முறுக்கினார்.

அப்போதுதான் கிழிந்தது.

ஆபீசர் லைனிங் துணியைச் சுற்றிக்கொண்டு படியேறுகையில், எதிரே தூக்கோடு மனைவி வந்தாள். 'ணங்.' அந்த அதிர்ச்சியில் ஊஞ்சல் ஆட, கிளியும் தன் பங்குக்கு ஒரு கிரூயி போட்டது. டெய்லர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். மனைவிக்கும் தாய்மொழி வேறு. காதல் கல்யாணம்.

"என்னங்க..."

டெய்லர் கண்ணைத் திறந்தார். அவள் கண் கலங்கியிருந்தது.

"'தப்பு என்மேலதான், மன்னிச்சுடு'ன்னு சொல்லுதுங்க. எங்க அம்மா வீட்டுப் பாஷையில! நீங்களா சொல்லிக் குடுத்தீங்க?"

டெய்லருக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போயிற்று. கூச்சமே இல்லாமல் புளுகினார்.

"பின்னே? வாய் வலிக்க வலிக்கச் சொல்லிக் குடுத்தேன்ல!"

அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரை தாங்கியது. டீச்சரும் சலூன்காரரும், வேறு பேண்ட்டில் ஆபீசரும், கிளி விற்றவரைக் கையோடு இழுத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தார்கள்.

"இந்தக் கிளி இப்பவே போகணும், டெய்லர். இல்லேன்னா எங்க துணியெல்லாம் எதிர்க் கடைக்குப் போகும்!" என்றார் டீச்சர்.

கிளியை விட்டு நகராமல் கடையிலேயே இருந்த மனைவி கூண்டுக்குக் குறுக்கே பாய்ந்து நின்றாள்.

"தொடுங்க பாக்கலாம்! கல்யாணம் ஆனதிலேருந்து இந்த மனுஷன் ஒரு மன்னிப்புக் கேட்டதில்லை. கிளி மூலமாவாவது கேட்டிருக்காரு. துணி போனா போகட்டும், கிளி போகாது!"

வாடிக்கையாளர்களா, மனைவியா? டெய்லர் பிழைப்பையும் குடும்பத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

கிளி விற்றவர் எதுவும் புரியாமல் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். தையல் மிஷின் மேலிருந்த எண்ணெய்க் குப்பியை எடுத்து, ஊஞ்சல் கொக்கியில் இரண்டு சொட்டு விட்டு, விரலால் ஓர் ஆட்டு ஆட்டினார். கிளி ஜோராக ஆடியது. சத்தமே இல்லை.

எல்லாரும் கூண்டை நெருங்கி எட்டிப் பார்க்க, அவர் டெய்லரைக் குழப்பத்தோடு கேட்டார்.

"ஏண்ணே, கிளி பேசுதுன்னு என்னை இழுத்துட்டு வந்திருக்காங்களே... 'என் பொண்டாட்டி மறுபடி பேச ஆரம்பிச்சா வீட்டுல இன்னொரு வாய் தாங்காது, பொறவி ஊமையாப் பாத்துக் குடு'ன்னு நீங்கதானே தேடி வாங்கிட்டுப் போனீங்க?"